ரிப்போர்ட் சாரும் விட்டுப்போன குறியும்

மக்களே, கன்னியாகுமரி மாவட்டத்திலேயே கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்லாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் ரிப்போர்ட் சார்.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் தக்கலைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். படிப்பு பத்தாம் வகுப்பு. ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களின் பெயர், ஊர், ரத்த வகை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. அந்தக் குவியலிலிருந்து வேண்டியதை மட்டும் பொறுக்கித் தாளில் தருவது சார் வேலை. அதற்கு பெர்ல் என்கிற மொழியில் பத்துப் பதினைந்து வரி எழுதுவார். ஸ்கிரிப்ட் என்று பெயர். கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் கட்டளைச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பழக்கம் அவருக்குத் தலைக்கேறிவிட்டது. "சார், டீ குடிக்க வாறியளா?" என்று கேட்டால் கீபோர்டைத் தட்டுவார். பிரிண்டர் கறகறவென்று ஒரு தாளைத் துப்பும். 'இந்த வாரம் குடித்த டீ: 14. இன்று: வேண்டாம்.' அதற்குள் டீக்கடைக்காரர் பாத்திரம் கழுவியிருப்பார்.

ஒருநாள் நர்ஸ் அக்கா, "இந்த நீலச் சேலை எப்படி இருக்கு சார்?" என்று கேட்டுவிட்டார். தாள் வந்தது. 'இந்த மாதம்: ஆறாவது தடவை.' அக்கா ஒரு வாரம் அவர் அறைப்பக்கமே போகவில்லை.

பிறகு ஒரு மத்தியானம், கடற்கரை ஊரிலிருந்து பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுக்கு ஓ நெகட்டிவ். அதே வகை ரத்தம்தான் ஏற்றவேண்டும். இருந்தது ஒரே பை.

"அவளுக்கு ஒண்ணும் ஆவாதுல்லா சிஸ்டர்?" என்று புருஷன் கேட்டபடியே நின்றான்.

சார் ஸ்கிரிப்டை ஓட்டினார். 'ஓ நெகட்டிவ்: யாரும் இல்லை.'

"இத்தன பேருல ஒருத்தரு கூடவா இல்ல? எழுதுனது சரிதானா சார்?" என்றார் அக்கா.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். "சார், தப்பு எனக்கதுதான்."

சார் திரும்பிப் பார்த்தார்.

"ரத்தம் குடுக்க பேரு குடுத்த ஒரு பிள்ளைக்க அப்பா கருங்கல்லேருந்து வந்தாரு. மவளுக்கு சம்பந்தம் பேசுதாவளாம். நெகட்டிவ்னு எழுதினா பிள்ளைக்கு ஏதோ கொறைன்னு மாப்பிள வீட்டுக்காரவ நெனப்பாவன்னாரு. மைனஸ் குறியப் போடல."

"ஒரு பிள்ளைக்கு மட்டுமா?" என்றார் அக்கா.

"பொறவு எல்லாருக்குமே போடல. மத்த பிள்ளைகளுக்கும் கல்யாணம் ஆவணும்லா."

"நீ நல்லா இருப்பலே. பிளஸ்ஸையாவது போட்டியா?"

"அத ஒண்ணு விடாம போட்டிருக்கேன்."

சார் ஒரே ஒரு வரியை மாற்றினார். 'ஓ என்று இருந்து, பக்கத்தில் குறி இல்லாதவர்கள்.' ஐந்து பெயர் விழுந்தது. போன் போட்டோம். மூன்று பேர் வந்தார்கள். கருங்கல் பெண்ணும் அப்பாவோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். சோதித்துப் பார்த்தார்கள், மூவருமே ஓ நெகட்டிவ். சாயங்காலம் தாய் கண்விழித்துப் பிள்ளையைக் கேட்டாள்.

மறுநாள் மேனேஜர் வந்து, தவறு செய்தவர் யார், இன்றே வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்றார். நான் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துப் பையில் வைத்தேன். சார் கீபோர்டைத் தட்டினார். 'தவறு செய்தவர்கள்' என்று தலைப்பிட்டுத் தாள் வந்தது. கீழே ஒரே பெயர், சாருடையது. அவரை அனுப்பினால் ரிப்போர்ட்டுக்கு ஆள் கிடையாது. மேனேஜர் தாளை மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

சார் கொடுத்த ரிப்போர்ட்டுகளில் அவர் தெரிந்தே பொய் சொன்னது அது ஒன்றில்தான். நான் எடுத்து வைத்திருப்பதும் அதைத்தான், மக்களே.