பீரோவைப் போனில் ஏற்றிய மகளுக்கு

அன்பு மகள் கோகிலாவுக்கு அய்யா எழுதுவது. இங்கு மிளகாய்ச் செடி, மாடு, உன் அம்மா எல்லாம் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் உன் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்வாள். அதனால்தான் கடிதம்.

பொங்கலுக்கு வந்த நீ, "பீரோ நிறைய சேலைய வச்சுக்கிட்டு கட்ட ஒண்ணுமில்லங்கிறியேம்மா" என்று சண்டை போட்டு, எங்கள் துணி அத்தனையையும் படம் பிடித்து என் போனில், தினமும் எதைக் கட்டுவது என்று சொல்லும் ஒரு ஆப்பில் ஏற்றிவிட்டுப் போனாய். எனக்கு இருப்பதெல்லாம் வெள்ளைச் சட்டை. ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப ஏற்றியிருப்பதாக அது என்னையே கண்டித்தது. ஒருநாள் பட்டு வேட்டி கட்டச் சொன்னது. படிச்ச புள்ள வச்சது தப்பாவா சொல்லும் என்று கட்டிக்கொண்டு உரக்கடைக்குப் போனேன். "என்ன சின்னையா, யாருக்குக் கல்யாணம்?" என்றான் கடைக்காரன் பிரபாகரன். உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு, இல்லாத ஒரு கல்யாணத்துக்கு அவனை அழைத்துவிட்டு வந்தேன்.

அது போகட்டும். போன ஞாயிறு தேவிபட்டினத்தில் உன் தாய்மாமன் ராக்கப்பன் பேரனுக்குக் காதுகுத்து. முதல் நாள் ஆப் அந்தக் கிளிப்பச்சைப் பட்டைக் காட்டி, ஏற்றியதிலிருந்து ஒருதரம்கூடக் கட்டவில்லையே என்று குத்திக்காட்டியது. உன் மாமன் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சேலை. அதைக் கட்டாமல் போனால் 'நான் எடுத்தது ஆகலையோ' என்று முகத்தைத் தூக்கிக்கொள்வான், அப்புறம் நம் வாசலை மிதிக்க மாட்டான். உன் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். பீரோவைத் திறந்தால் சேலையைக் காணோம்! "நாகலெட்சுமி கேட்டா, குடுத்தேன். குடுத்து வாங்கிக்கிறதுதான?" என்கிறாள் உன் அம்மா. பக்கத்து வீட்டு நாகலெட்சுமி அதைப் பாம்பனில் இருக்கும் தங்கச்சிக்குக் கொடுத்திருக்கிறாள். பாம்பனுக்கு வண்டியை விரட்டினால், தங்கச்சி அதைக் கூட வேலை பார்க்கிறவளுக்குக் கொடுத்து, அவள் தன் சித்திக்குக் கொடுத்து, சித்தி எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. உன் அம்மாவைவிட அந்தச் சேலைதான் அதிக விசேஷம் பார்த்திருக்கிறது. திரும்பும்போது பாலத்துக் காற்று என் துண்டைக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது. அதையும் ஆப்பிலிருந்து எடுத்துவிடு.

உன் அம்மா அழுதுகொண்டே ஒரு பழைய சுங்குடி நூல் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். மண்டப வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டு நிற்கிறாள் உன் அத்தை, ராக்கப்பன் பெண்டாட்டி. கிளிப்பச்சைப் பட்டில்! அந்தச் சித்தி அவள்தான். உன் அம்மா சேலையைப் பார்த்த பார்வையிலேயே அவளுக்கும் விஷயம் விளங்கிவிட்டது. ராக்கப்பன் வந்தான். பெண்டாட்டியைப் பார்த்தான், தன் தங்கச்சியைப் பார்த்தான், கண் கலங்கிவிட்டது.

"நான் எடுத்துக் குடுத்த சேலையையே கட்டிட்டு வந்துட்டியே தாயி!" என்றான், சுங்குடியைத் தொட்டு.

"ஒன்னைய விட்டா எனக்கு யாருண்ணே இருக்கா?" என்றாள் உன் அம்மா, கூசாமல். அத்தை சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பந்திப் பக்கம் ஓடினாள்.

எடுத்தவனுக்கே அடையாளம் தெரியாத சேலைக்காக என்னை ஊர் ஊராக அலையவிட்டது அந்த ஆப். உடனே அதை அழித்துவிடு. இன்னொரு நாள் அது என் போனில் இருந்தால் போனையே துண்டு போன இடத்துக்கு அனுப்பிவிடுவேன்.

தேவிபட்டினத்துக் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கிரகமும் உங்கள் இருவரையும் நல்ல பார்வையே பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அய்யா சோணைமுத்து

பின்குறிப்பு: ஆப்பை அழித்துவிடாதே தாயி. விஷயம் தெரிந்து, ஆளுக்காள் மாற்றிக் கட்டிக்கொள்ளலாமென்று தெருவே துணிமணியைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டது. எல்லாவற்றையும் நான்தான் படம் பிடித்து ஏற்றுகிறேன். இன்று காலையில் அது எனக்கு ஒரு ரோஸ் சட்டையைக் காட்டியது. எதிர்வீட்டுக்காரர் சட்டையாம். போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், எனக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது.