எனக்கு வராத பந்து

அன்பு மகன் இன்சொக்குக்கு, சுன்சொனிலிருந்து பெரியம்மா எழுதுவது. இங்கே சோறு இறங்குகிறது, தூக்கமும் ஏதோ வருகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிடு. ஆராய்ச்சி வயிற்றை நிரப்பாது. படிக்காதவள் எழுத்து, பேராசிரியருக்குக் காட்டாதே.

உன் பரிசோதனைக்கு எங்கள் குடியிருப்பிலிருந்து நானும் மல்ரே அக்காவும் ஜொம்சுன்னும் வந்தோம் அல்லவா, ஆளுக்கு ஓர் அறையில் கணினி முன்னால் உட்கார்த்தி, மூன்று பேராகப் பந்து விளையாடச் சொன்னார்கள், திரையில் இருந்த மற்ற இரண்டு உருவங்களும் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்டன, எனக்கு வரவே இல்லை, பிறகு அறை எவ்வளவு குளிர் என்று கேட்டார்கள், இரண்டு டிகிரி என்று எழுதிவிட்டு வந்தேன். அந்த உருவங்கள் பக்கத்து அறைகளில் இருந்த இவர்கள்தான் என்று மனதில் வைத்துக்கொண்டே இருந்து, குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய்க்காக எல்லோரும் கூடி முட்டைக்கோசுக்கு மிளகாய் தடவும் இடத்தில் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்:

"புருஷன் செத்தவ கையில பந்து குடுத்தா ஒட்டிக்குமா?"

"எந்தப் பந்துடி? எனக்குந்தான் ஒருத்தியும் போடல. நீங்க ரெண்டு பேரும் கூடிக்கிட்டீங்கன்னு நானே வயிறெரிஞ்சு கெடக்கேன்" என்றாள் மல்ரே அக்கா.

"எனக்கு நெறைய வந்துச்சே. நீங்கதான் போட்டீங்கன்னு ரெண்டு பேருக்கும் முள்ளங்கி குடுத்தேன். திருப்பிக் குடுங்க" என்றாள் ஜொம்சுன்.

உன்னிடம் தொலைபேசியில் கேட்டால், "ஆடினது கணினி பெரியம்மா, ஆளே கிடையாது" என்கிறாய். என் முகம் மிளகாயைவிடச் சிவந்தது. அன்றிலிருந்து குடியிருப்பின் பின்வாசல் வழியாகத்தான் போய்வருகிறேன். முடிவாவது என்னவென்று கேட்டதற்கு, "பந்து வராதவங்க கொஞ்சம் அதிகக் குளிர்னுதான் எழுதியிருக்காங்க, ஆனா அது தற்செயலாவும் இருக்கலாம். உங்க எண்ணு மட்டும் ரொம்பத் தள்ளி நிக்குது, சராசரியையே சாய்க்குது, எடுத்துடலாமான்னு பேராசிரியர் யோசிக்கிறார்" என்றாய்.

எடுத்துவிடு மகனே. அந்தக் குளிருக்கு உன் பந்து காரணமில்லை. பெரியப்பா போனதிலிருந்து தரைக்கடியில் விடும் சூட்டை எவ்வளவு கூட்டி வைத்தாலும் வீடு அப்படித்தான் இருக்கிறது. பந்து ஓயாமல் வந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். ஒரு கிழவி வீட்டுக் குளிர் உன் பட்டத்தைக் கெடுக்க வேண்டாம்.

உன் கணக்கெல்லாம் நேராக வரட்டும், சண்டை போடாத பெண்ணாக அமையட்டும். அம்மாவை விசாரித்ததாகச் சொல். கிம்ச்சி விஷயம் மட்டும் சொல்லாதே.

இப்படிக்கு,
பெரியம்மா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். என்னை எடுக்காதே. முட்டைக்கோசுப் பக்கமும் போக முடியாமல், உன் கணக்கிலிருந்தும் வெளியே அனுப்பிவிட்டால் நான் எங்கே இருப்பது? பேராசிரியர் ஒப்பாவிட்டால் பதினெட்டு என்று மாற்றிக்கொள். மற்ற எண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். யாரையும் ஒன்றும் கேட்க மாட்டேன்.