ஊட்டிச் செடி

தொட்டியில் இருந்ததே ஒரே ஒரு இலை. அதுவும் மஞ்சளாகிவிட்டது.

சக்கரவர்த்தி தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயரில்தான் சாம்ராஜ்யம்; வேலையோ ஜவ்வாது மலையில் பயணியர் விடுதிக்குத் தற்காலிகக் காவல். போன மாதம் பட்டணத்துத் தாவரவியல் பேராசிரியர் ஒருவர் ஜீப்பில் வந்து, இந்தத் தொட்டியை அவர் கையில் கொடுத்திருந்தார்.

"ஊட்டியிலேருந்து கொண்டு வந்திருக்கேன். ஒரு இலை, அதுக்கு மேலே பாம்பு நாக்கு மாதிரி ஒரு தண்டு, அவ்வளவுதான் செடி. இலையை எண்ணெயில காய்ச்சிப் போட்டா வெட்டுக்காயம் ஆறும்னு சொல்றாங்க. இந்த மலையில இது பிழைச்சா, இங்கேயே தோட்டம் போட்டு உன்னை நிரந்தரத் தோட்டக்காரனா ஆக்கச் சொல்றேன்."

நிரந்தரம்! அந்த வார்த்தை காதில் விழுந்த நாளிலிருந்து, பெற்ற பிள்ளைகளுக்கும் காட்டாத கரிசனத்தை சக்கரவர்த்தி அந்த இலைக்குக் காட்டினார். வினையே அதுதான்.

காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். இலை மஞ்சளானதும், பாவம், பசியோ என்று ஆட்டு எரு வைத்தார். இலை சுருண்டது. மண்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று பழைய மண்ணை உதறி, வேரைக் கழுவி, சலித்த செம்மண்ணில் நட்டார். இரண்டு நாளில் இலையே காணோம்.

மனைவி சின்னக்குழந்தை எட்டிப் பார்த்தாள். "இன்னாய்யா, வெறும் தொட்டிக்கு தண்ணி ஊத்தினு கீற?"

"செடி பூட்ச்சிமே. வேலையும் பூட்ச்சி."

"எந்தச் செடி? ஒத்த எலையா, நடுவுல குச்சி நிக்குமே, அதா? மழைக்கு நம்ம காட்டுலயும் அதே கணக்கா மொளைக்கும்யா. கடைஞ்சி களிக்குத் தொட்டுக்கலாம்."

"அடிப்போமே! இது ஊட்டிச் செடி. களிக்குத் தொட்டுக்கறாளாம்!"

சீறினாரே தவிர, மறுநாள் யாருக்கும் தெரியாமல் காட்டுக்குப் போனவரும் அவர்தான். பிடுங்கிப் பார்த்தார், இலை கைக்கு வந்தது, வேர் மண்ணோடு நின்றுவிட்டது. இன்னொன்றைக் கத்தியால் நோண்டினார். வீடு வருவதற்குள் அது துவண்டது. கடைசியில் புல்லும் மண்ணுமாகக் கட்டியோடு வெட்டி அப்படியே தொட்டியில் இறக்கினார். எருவும் இல்லை, சலித்த மண்ணும் இல்லை; பயத்தில் கிட்டவே போகவில்லை. செடி ஜோராக நின்றது.

பேராசிரியர் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாகத் தொட்டி முன்னால் மண்டியிட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"ஊட்டிச் செடி ஜவ்வாது மண்ணில பிழைச்சிடுச்சு!" அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "உன் வேலைக்குச் சொல்லிட்டேன்பா. அடுத்த மாசம் ஊட்டியிலேருந்து நூறு செடி கொண்டு வர்றேன். எல்லாம் உன் பொறுப்பு."

சக்கரவர்த்தி மெல்லப் பின்வாங்கினார். ஒரு செடியைக் கொன்றதற்கே தூக்கம் போயிற்று. நூற்றைக் கொல்ல நிரந்தர உத்தியோகமா? அதைவிட, அந்த நல்ல மனுஷனை ஏமாற்றிவிட்டோமே என்ற வெட்கம்தான் அவரைப் பிடுங்கித் தின்றது. விடுவிடுவென்று ஜீப்பிடம் போனார். அங்கே டிரைவர் பாஷா கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான்.

"பாஷா, என்னால முடியாதுப்பா. ஐயா குடுத்த செடி செத்துப்போச்சு. இது நான் காட்டுல வெட்டியாந்தது. வேலை போனாப் போவட்டும், உண்மையச் சொல்லிடறேன். நீயும் கூட வா."

பாஷா பதறிப்போய் அவர் கையைப் பிடித்தான்.

"கம்முனு இருங்கண்ணா! ஊட்டிச் செடி மேல வர்ற வழியில ஒடுகத்தூர்லியே பெட்ரோல் டின்னு சாஞ்சிடுச்சி. அன்னிக்கு ஐயா உங்க கையில குடுத்ததே, இந்த விடுதிக்குப் பின்னால நான் நோண்டி வச்சதுதான்."