முதலைமடுவுக்குத் தண்ணீர் மறித்த விதானை

வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. இரண்டையும் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரு கம்பியூட்டரை நிறுத்துவதற்கு முன் மாடிப்படியில் நின்று மூன்று தரம் கத்துகிற மனுசன் ஒருவர்தான் அகப்படுவார். அந்தக் கம்பியூட்டர் இருப்பது சிங்கப்பூரில். அவர் கத்துவது எழுவான்கரைக் கல்லடியில். அவருக்குப் பக்கத்து மேசையில் நான்கு வருடம் இருந்தவன் நான். என் காது இன்னும் வேலை செய்கிறதென்றால் அது கடவுள் செயல்.

அவரை எல்லாரும் விதானை என்றுதான் கூப்பிடுவோம். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது, அதை ஒருவரும் பாவித்ததில்லை. எங்கள் பக்கம் வயல்வெளியை வட்டை என்போம். வட்டைக்குத் தண்ணீர் திறப்பது, மறிப்பது, மாடு புகாமல் பார்ப்பது எல்லாம் வட்டை விதானையின் வேலை. இவர் படுவான்கரை வயல்காரக் குடும்பம். கம்பியூட்டர் படித்து, எழுவான்கரைக்குப் பாலம் கடந்து வேலைக்கு வந்தார். வரும்போது வட்டையையும் தலைக்குள் வைத்துத் தூக்கி வந்துவிட்டார்.

எங்களுடையது சின்னக் கொம்பனி. கடைக்காரர்களுக்கு இணையத்தில் கடை போட்டுக் கொடுப்போம். அந்தக் கடைகள் ஓடுகிற சேர்வர்கள் சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த கம்பியூட்டர்கள், கண்ணால் கண்டதில்லை. அவற்றை உண்டாக்கவும் நிறுத்தவும் அழிக்கவும் மூன்று வழி உண்டு. இணையப் பக்கத்தில் பொத்தானை அமத்தலாம். கறுப்புத் திரையில் கட்டளையை ஒவ்வொரு வரியாகத் தட்டலாம். அல்லது யாரோ எழுதி வைத்த நிரல் நூலகத்தை எடுத்து, சொந்தமாக ஒரு சின்ன நிரல் எழுதி, நூறு சேர்வரை ஒரே மூச்சில் ஆட்டி வைக்கலாம். விதானை இரண்டாவது சாதி. நான் மூன்றாவது. எனக்குப் பொறுமை கிடையாது.

அவர் சேர்வர்களுக்கு வட்டைகளின் பெயர்தான் வைப்பார். புளியடி, ஆலங்குளம், முதலைமடு. காத்தான்குடியில் உடுப்புக்கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவரின் கடை முதலைமடுவில் ஓடியது. மனுசன் ஒருநாள் மாடியில் இருக்கிற எங்கள் கந்தோருக்கே ஏறி வந்துவிட்டார்.

"தம்பி, சாறி விக்கிற கடைக்கு என்னத்துக்கு முதலப் பேரு?"

"ஹாஜியார், அது நல்ல விளைச்சல் உள்ள வட்ட. நம்பி இரிங்க."

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

கட்டளைகளை அவர் இரண்டு விரலால் தட்டுவார். ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுப் படிப்பார். ஒரு சேர்வரை அழிக்கச் சொன்னால் அந்தக் கறுப்புத் திரை 'நிச்சயமா?' என்று ஒரு கேள்வி கேட்கும், ஓம் என்பதற்கு ஒரு எழுத்தைத் தட்ட வேண்டும். விதானை அதைத் தன் கையால் தட்டவே மாட்டார். "அழிக்கக் கேட்டவனே ஓம் சொல்லப்படாது மனே, ரெண்டாவது ஆள் வேணும்" என்பார். ஆள் இல்லாத நேரத்தில் கடிதம் கொண்டுவந்த தபால்காரரைப் பிடித்துத் தட்ட வைத்தார். அந்த ஆள் பயந்துபோய், "ஐயா, எனக்குப் பிரச்சின ஒண்டும் வராதே?" என்று படியிறங்கும் வரை கேட்டுக்கொண்டே போனார்.

இது போதாதென்று ஆரம்பக் கூட்டம். வயல் செய்யுமுன் விவசாயிகள் கூடி, எந்தத் திகதி விதைப்பது, எப்போது தண்ணீர் திறப்பது, எந்த நாளுக்குள் மாடுகளை வெளியேற்றுவது என்று தீர்மானிப்பார்கள் அல்லவா, அதையேதான் இவர் கந்தோரிலும் நடத்தினார். ஒரு சேர்வரைப் பெரிதாக்க எங்கள் ஐந்து பேரையும் கதிரை போட்டு இருத்துவார். வெள்ளைப் பலகையில் நேரத்தை எழுதுவார். "ஆட்சேபன இரிக்கா?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். மெடம்தான் கொம்பனியின் சொந்தக்காரி, அவவே கையை உயர்த்தி அனுமதி கேட்டுத்தான் பேசுவா. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியது. ஹாஜியார் வெளிநாட்டில் இருக்கிற ஆட்களுக்கெல்லாம் அறிவித்துவிட்டார், வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பெருநாள் விற்பனை திறக்கும் என்று. வருடம் முழுக்க அவர் பார்த்திருக்கிற நாள் அது. கூட்டம் தாங்காது என்று, முதலைமடுவைப் பெரிதாக்க முடிவானது. பெரிதாக்க வேண்டுமென்றால் முதலில் நிறுத்த வேண்டும். காலையில் ஆரம்பக் கூட்டம் நடந்தது. நான் போகவில்லை. வேலை இருக்கிறது என்று மேசையிலேயே இருந்துவிட்டேன்.

வேலை இருந்தது உண்மை. பாவிக்காமல் கிடக்கிற பழைய சேர்வர்களைத் துப்புரவாக்கு என்று மெடம் சொல்லியிருந்தா. நான் பன்னிரண்டு வரியில் ஒரு நிரல் எழுதினேன். எல்லாச் சேர்வரையும் பார், எது நிறுத்திக் கிடக்கிறதோ அதை அழி. அவ்வளவுதான். நிரல் நூலகம் 'நிச்சயமா?' என்றெல்லாம் கேட்காது. அதுதான் எனக்கு அதில் பிடித்ததே.

இரண்டு மணிக்கு விதானை மாடிப்படிக்குப் போனார்.

"முதலைமடுவுக்குத் தண்ணி மறிக்கப் போறன்! ஆராவது உள்ளுக்கு நிக்கிறீங்களா?"

முதல் கத்தலுக்கே இயர்போனை எடுத்துக் காதில் செருகினேன். பாட்டை உச்சத்துக்கு வைத்தேன். மற்ற இரண்டு கத்தலும் எனக்குக் கேட்கவில்லை.

அவர் வந்து முதலைமடுவை நிறுத்தினார். அடுத்து அதைப் பெரிதாக்க வேண்டும். உடனே செய்வாரா? மாட்டார். வாய்க்காலை மறித்தால் தண்ணீர் வடியப் பொறுக்க வேண்டுமாம். ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் என்பது அவருடைய கணக்கு. கீழே இறங்கி எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விட்டார்.

நான் என் நிரலை ஓடவிட்டேன்.

திரையில் மூன்று வரி வந்தது. ஆலங்குளம் பழையது, அழிக்கப்பட்டது. புளியடி பழையது, அழிக்கப்பட்டது. மூன்றாவது வரியை இரண்டு தரம் படித்தேன். முதலைமடு, அழிக்கப்பட்டது.

விதானை பிளேன்டீயோடு படியேறி வந்தார். விரலால் திரையைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன், எனக்கு அது சுகமாக இருந்திருக்கும்.

"விதைநெல் இரிக்கி மனே."

"என்ன?"

"மறிச்ச உடன அப்பிடியே ஒரு பிரதி எடுத்து வேற இடத்தில வெச்சிட்டன். விதைநெல் எடுத்து வைக்காம எவனும் வயல் வெட்டுவானா?"

அப்போதே தொலைபேசி அடித்தது, விதானை எடுத்தார். ஹாஜியார்.

"தம்பிமாரே, டுபாயில இரிந்து மருமவன் கோல் எடுத்தவன். கடையக் காணல்லயாம்!"

"தண்ணி மறிச்சிரிக்கம் ஹாஜியார். நாலு மணிக்கு முதல் திறந்திருவம்."

"தண்ணியா? உடுப்புக்கடைக்குள்ள என்ன தண்ணி? அல்லாவே, சாறி ஒண்டும் நனையல்லயே?"

விதானை தொலைபேசியை என் கையில் தந்துவிட்டுக் கதிரையில் இருந்தார். இரண்டு விரல். பிரதியிலிருந்து புதுச் சேர்வர் உண்டாக்கும் கட்டளை நீளமானது. ஒரு எழுத்துப் பிழைத்தது. அழித்துத் திரும்பத் தட்டினார். இன்னொன்று பிழைத்தது. நான் ஒரு காதில் ஹாஜியாரைக் கேட்டுக்கொண்டு, ஒரு கண்ணால் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, வேர்த்து ஊற்றிக்கொண்டு நின்றேன். கட்டளை சரியாகி முடிந்தது. கடைசிப் பொத்தானை அமத்துவார் என்று பார்த்தால், மனுசன் எழும்பி மாடிப்படிக்குப் போகிறார்!

"அண்ணே, இப்பயும் கத்தணுமா?"

"தண்ணி மறிக்கக்குள்ள சொன்னா, திறக்கக்குள்ளயும் சொல்லணும். கீழ நிக்கிறவன் அடிபட்டுப் போவான்."

"கீழ எவனும் இல்லண்ணே! கீழ ஒரு சலூன்தான் இரிக்கி!"

மூன்று தரம் கத்தினார். சலூன்காரர் கீழேயிருந்து, "ஓம் ஓம், திறங்க!" என்றார். பிறகுதான் வந்து பொத்தானை அமத்தினார்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடை எழும்பியது, முன்னதைவிடப் பெரிய சேர்வரில். ஹாஜியாரின் சாறியும் அபாயாவும் வரிசையாகத் தெரிந்தன. நாலு மணிக்குக் கூட்டம் வந்து விழுந்தது. முதலைமடு அசையவில்லை.

திங்கட்கிழமை மெடம் கூட்டம் வைத்தா. ஹாஜியாரின் மருமகன் முறைப்பாடு எழுதி அனுப்பியிருந்தார். செய்தவன் யார் என்று தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவது என்ற முகத்தோடு அவ இருந்தா. என் வீட்டில் சம்பளம் எடுக்கிறவன் நான் ஒருவன்தான். குனிந்து பேனை மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

விதானை கையை உயர்த்தினார்.

"கட்டாக்காலி மாடு ஒண்டு வட்டைக்குள்ள பாஞ்சிற்று மெடம்."

"எந்த மாடு?"

"மாட்டக் கேட்டு என்ன செய்யிற? வேலி கட்டாதவன் நான். வேலிய இண்டைக்குக் கட்டிருவன்."

மெடம் அவரை நெடுநேரம் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. அவவுக்கு விளங்கியிருக்கும். முறைப்பாட்டை மடித்து வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டா.

அந்த மாடு நான்தான். இத்தனை நாளும் எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன்.

அன்றைக்குப் பின்னேரம் விதானை என் நிரலைத் திறந்து, அழிக்குமுன் நின்று கேட்கிற மாதிரி ஒரு வரி சேர்த்தார். 'ரெண்டாவது ஆள் எங்க?' என்று அது கேட்கும். என்னைக் காப்பாற்றியதற்காக எனக்கு அவரில் ஒரு கிழமை கோபம் இருந்தது. அந்த வரியை மட்டும் நான் அழிக்கவில்லை.

போன பெரும்போக விதைப்புக்கு முன், படுவான்கரையில் நிஜமான ஆரம்பக் கூட்டம் நடந்தது. விவசாயிகள் சேர்ந்து அவரை நிஜமான வட்டை விதானையாகத் தெரிந்தெடுத்துவிட்டார்கள். மனுசன் வேலையை விட்டுவிட்டுப் பாலம் கடந்து போய்விட்டார். பிரியாவிடைக் கேக்கை வெட்டும்போது, "இனியாவது கந்தோர் அமைதியா இரிக்கும்" என்றேன். "இரிக்கும் மனே" என்று சிரித்தார்.

இருக்கிறது. சகிக்க முடியாத அமைதி.

இப்போது ஒரு சேர்வரை அழிக்கவேண்டி வந்தால் என் நிரல் நின்று கேட்கிறது: 'ரெண்டாவது ஆள் எங்க?' நான் வாட்ஸ்அப்பில் அவருக்கு சேர்வரின் பெயரை அனுப்புகிறேன். "ஓம், மறி" என்று பதில் வரும். வந்த பிறகுதான் தட்டுவேன். நேற்றுப் பதில் வர முக்கால் மணித்தியாலம் ஆனது. வரம்பில் நின்றிருப்பார், கை முழுக்கச் சேறாக இருந்திருக்கும். மெடம் இரண்டு தரம் வந்து ஏன் சும்மா இருக்கிறாய் என்று கேட்டா.

தண்ணீர் வடிகிறது என்றேன்.