தீப்பெட்டிக்குப் போன எட்டு வயசு

மதிப்பிற்குரிய அக்காவுக்கு, தம்பி வணங்கி எழுதிக்கொள்வது. என்னைத் தவிர இங்கே அனைவரும் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

அக்கா, என்னைச் சுற்றி ஏதோ சதி நடக்கிறது. செவ்வாய்க்கிழமை மாலை பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தேன். அடுப்புப் பற்றவைக்கத் தீப்பெட்டி இல்லை. தெருமுனைக் கடைக்கு அவளை அனுப்பினேன். எட்டு வயது முடிந்த பெண், நூறடி தூரம். கால் மணி நேரமாகியும் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால், கடைக்காரம்மா அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, கையில் பிஸ்கட்டைக் கொடுத்து, என் மகளுக்குப் போன் போட்டிருக்கிறாள். "தனியா வந்திருக்கு, அதுவும் தீப்பெட்டி கேக்குது." நான் தாத்தா என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவரு உனக்கு யாரும்மா?" என்று பேத்தியிடம் கேட்கிறாள். தனியா விட்டாலும் குத்தம், கூட நின்னாலும் சந்தேகம். என் மக நம்பர் இவளுக்கு எப்படித் தெரியும்? அது இன்னமும் உறுத்துது.

மக ஆபீஸ்ல இருந்து ஓடி வந்தா. "அப்பா, அவ குழந்தைப்பா"ன்னா. எட்டு வயசுல சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டினேனே, என்னை யாரு குழந்தைன்னு சொன்னான்னு கேட்டேன். "அதையேதான்பா நானும் கேக்கறேன்"னுட்டு உள்ள போயிட்டா. இதுல ஏதோ உள்குத்து இருக்கு. மறுநாள் பள்ளிக்கூட வாசல்ல காவலாளி, "பிள்ளையைக் கூட்டிட்டுப் போறவங்க பட்டியல்ல உங்க பேரு இல்லையே"ங்கறான். முந்தின நாள் வரைக்கும் இருந்துச்சு. அக்கா, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கற அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் நான் காலையில எழுந்திருக்கறதே.

ஆகவே நீ என் மகளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். எட்டு வயதில் நான் கடைக்கும் போனேன், வேலைக்கும் போனேன், எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை என்று. என்னை வளர்த்தவள் நீ, உன் பேச்சு எடுபடும். இடது கட்டைவிரல் நுனி போன கதையை மட்டும் விட்டுவிடு.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பட்டியலில் இல்லாத உன் தம்பி.

பி.கு.: போன் நம்பரைச் சொன்னது பேத்திதானாம், மனப்பாடமாக. உறையை ஒட்டும்போது வந்து, யாருக்குக் கடிதம் என்றாள். சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காவுக்கு என்றேன்.

"அப்ப அவங்களுக்கு எத்தனை வயசு?"

"ஒன்பது."

"அவங்களை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டுப் போக யாரு வருவாங்க தாத்தா?"

என்னைத் தூக்கிக்கொள்ள உன்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்தினார்கள் என்பதை அவளிடம் சொல்லாமல், உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். சாட்சிக் கடிதம் வேண்டாம் அக்கா. முழங்கால் தாங்கினால் இங்கே புறப்பட்டு வா. உன்னைக் கூட்டிப் போக ஸ்டேஷனுக்கு நான் வந்து நிற்கிறேன்.