சூசைமரியானின் காலைச் சிந்தனை

பதினோரு நிமிடம் நாற்பது விநாடி ஓடுகிற பேச்சு, போகக் கூடாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சூசைமரியானுக்குத் தெரிந்தபோது அவர் கையில் பாதி டம்ளர் காபி இருந்தது. மீதியை அவர் குடிக்கவில்லை.

போக வேண்டிய இடம் 'நம் குடும்பம்' என்கிற வாட்ஸ்அப் குழு. அதில் சிங்கப்பூரில் இருக்கும் மகன் அமல், சென்னையில் வேலை பார்க்கும் மகள் மரிய அனிதா, மனைவி யூஜினியா, அவர் என்று நாலே பேர். போன இடமோ 'செபஸ்தியார் அன்பியம்'. காரைக்குடியில் அவர் குடியிருக்கும் பகுதியின் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்லும் கூட்டம் அது. வாட்ஸ்அப்பில் அறுபத்து நாலு பேர் இருந்தார்கள், கோவில் பங்குச்சாமியார் உட்பட.

சூசைமரியான் அரசு அலுவலகத்தில் முப்பத்து நாலு வருடம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு சொல்ல நிறையச் சேர்ந்துவிட்டது, கேட்கத்தான் ஆள் இல்லை. ஆகவே தினமும் பேப்பர் படித்து, டிவி செய்தியை இரண்டு சுற்று பார்த்து, போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்கு 'காலைச் சிந்தனை' அனுப்புவார். குடும்பம், விசுவாசம், நாட்டு நடப்பு என்று எல்லாம் அதில் வரும், எந்த வரிசையிலும் வரும். கடல் கடந்து போன பிள்ளைக்குத் தகப்பன் செய்யக்கூடியது இதுதான் என்பது அவர் எண்ணம். பிள்ளைகளின் நாளே அதில்தான் விடிகிறது என்றும் நம்பினார்.

யூஜினியாவுக்கு அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை. சமையலறையில் அவளுக்கு நேரடி ஒலிபரப்பு உண்டு.

அன்றைய சிந்தனை டிவியில் ஆரம்பித்திருந்தது. விவாதத்தில் நாலு பேர் சேர்ந்து கத்துகிறார்கள், ஐந்தாவது ஆள் 'அவரைப் பேச விடுங்க' என்று அவர்களுக்கு மேல் கத்துகிறான். அமைச்சர் காரில் ஏறினால் ஒரு முக்கியச் செய்தி, இறங்கினால் இன்னொன்று. யூஜினியா பார்க்கிற சீரியலில் திங்கட்கிழமை கைநழுவிய டம்ளர் வெள்ளிக்கிழமைதான் தரைக்கு வந்தது. அங்கிருந்து பேச்சு விசுவாசத்துக்குத் தாவியது.

"ஆண்டவர் அஞ்சு அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பங்கு வச்சாரு. நம்ம சாமியாரு அஞ்சு நிமிசப் பிரசங்கத்தை அம்பது நிமிசத்துக்குப் பங்கு வைக்கிறாரு. இதுவும் அற்புதம்தான்."

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் விசுவாசம் என்று வந்ததும் அவருக்குத் திருப்பத்தூர் சம்பந்தி அருள்சகாயம் ஞாபகத்துக்கு வந்தார். நாலாவது நிமிடத்திலிருந்து பத்தாவது நிமிடம் வரை சம்பந்தி வீடுதான்.

சிக்கலே அங்கேதான். அனிதாவுக்கும் அருள்சகாயத்தின் மகன் ஆரோக்கிய பிரபுவுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, கோவிலில் ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லவும் என்று மூன்று ஞாயிறு அறிவிப்பார்கள். இரண்டு ஓலை பழுதில்லாமல் தாண்டிவிட்டது. மூன்றாவது நாளைக்கு. பெண்ணைப் பெற்றவரே தடையைச் சொந்தக் குரலில் பதிவு செய்து பங்குத்தந்தைக்கு அனுப்பியது அந்தப் பங்கின் வரலாற்றில் இதுதான் முதல்முறையாக இருக்கும்.

"யூஜினி," என்று கூப்பிட்டார். "தப்பான எடத்துக்குப் போயிருச்சு."

விஷயத்தைக் கேட்ட யூஜினியா கரண்டியைக் கீழே வைத்தாள். "சம்பந்தி வீட்டைப் பத்திப் பேசுனதுமா?"

"அதுவும்தான்."

"முன்வழுக்கை?"

"அதுவும்."

"மொதல்ல அதை அழிங்க. அப்புறமா ஒங்களை என்ன செய்யிறதுன்னு பாப்போம்."

சூசைமரியான் பேச்சின் மேல் விரலை வைத்து அழுத்தினார். எல்லாருடைய போனிலிருந்தும் நீக்கவா, உங்கள் போனிலிருந்து மட்டும் நீக்கவா என்று கேட்டது. முப்பத்து நாலு வருடம் அடுத்த மேசைக் கோப்பைத் தொடாதவர் அவர். தன் மேசையிலிருப்பதைத்தான் கிழிக்கலாம், அடுத்தவர் போனில் கை வைக்க நமக்கு என்ன அதிகாரம் என்று முறைப்படி யோசித்து இரண்டாவதை அழுத்தினார்.

பேச்சு மறைந்தது. நிம்மதியாக மூச்சு விட்டார். பிறகுதான் அது தன்னிடம் மட்டும் மறைந்து, மற்ற அறுபத்து மூன்று பேரிடமும் சௌக்கியமாக இருக்கிறது என்பது விளங்கியது. அதற்குள் மூன்று பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். முதலாவதாகக் கைகூப்பியவர் பங்குச்சாமியார்.

"கும்புடுறாரே யூஜினி. நக்கலாக் கும்புடுறாரா, நிசமாக் கும்புடுறாரா?"

"நீங்க பேசுன பேச்சுக்கு நிசமா யாரு கும்புடுவா?"

அவசரமாக இன்னொரு பேச்சைப் பதிந்து அனுப்பினார். 'அன்பியத்தாருக்குத் தோத்திரம். மேலே உள்ளதை யாரும் கேட்க வேண்டாம். முக்கியமாக நாலாவது நிமிடத்திலிருந்து பத்தாவது நிமிடம் வரை கேட்கவே வேண்டாம்.' அனுப்பிய பிறகு யூஜினியாவின் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் தான் செய்தது என்னவென்று புரிந்தது.

"எந்தப் பக்கத்துல கேள்வி வரும்னு வாத்தியாரே சொன்ன மாதிரி இருக்கு," என்றாள் அவள்.

அடுத்த யோசனை, பேச்சை மேலே தள்ளிவிடுவது. போனில் சேர்ந்து கிடந்த புனிதர் படங்கள், பூக்கொத்துகள், 'இனிய காலை வணக்கம்' எல்லாவற்றையும் வரிசையாக அனுப்பினார். நாற்பத்தொன்று போயின. அதுவரை போனை எடுக்காமல் இருந்தவர்கள்கூட என்ன இத்தனை மணி அடிக்கிறது என்று எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"பிலோமினா பாத்துட்டாளான்னு தெரியலையே," என்றார்.

பிலோமினா அருள்சகாயத்தின் தங்கை. இரண்டு தெரு தள்ளி இருந்தாள், அன்பியத்திலும் இருந்தாள். சம்பந்தத்தைப் பேசி முடித்தவளே அவள்தான். அவள் காதுக்குப் போனது அரை மணி நேரத்தில் திருப்பத்தூர் போய்விடும். சூசைமரியான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார்.

பிலோமினா கல்யாணத்துக்கு முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முழங்கை வரை மாவு. போன் ஃபிரிட்ஜின் மேல் இருந்தது.

"வாங்கண்ணே. என்ன, காலையில இருந்து குரூப்பு பூரா நீங்களாத்தான் இருக்கீக? ஏதோ ஆடியோ போட்டிருக்கீகளாம். கை கழுவிட்டுக் கேக்கலாம்னு இருக்கேன்."

"கேட்டுறாதத்தா. அதுல வைரஸ் இருக்கு."

"ஐயோ. போன வாரம்தான அண்ணே டச்சு மாத்துனேன். எனக்கு இந்தக் கையோட தொட முடியாது, நீங்களே எடுத்து விட்ருங்க."

ஆண்டவர் கண் திறந்துவிட்டார் என்று சூசைமரியான் போனை எடுத்தார். பேச்சின் மேல் விரலை வைத்ததும் மேலே சின்னச் சின்னப் படங்கள் வந்தன. ஒரு குப்பைத் தொட்டி, ஒரு அம்புக்குறி. குப்பைத் தொட்டியை நம்பித்தான் காலையில் கெட்டார். வெளியே பார்த்துத் திரும்பியிருந்த அம்புக்குறிதான் வெளியே தள்ளுவதற்கு என்று முடிவு செய்து அதைத் தொட்டார். பெயர்கள் வந்தன. முதலில் இருந்தது 'பெரியண்ணன் திருப்பத்தூர்'. வியர்த்த விரல் அதில் பட்டது. பதறிப்போய்க் கீழே இருந்த பச்சை வட்டத்தையும் தொட்டார்.

சொய்ங் என்று ஒரு சத்தம் வந்தது.

"போயிருச்சா அண்ணே?"

"போயிருச்சு."

"எங்கிட்டுப் போச்சு?"

"திருப்பத்தூருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனை ஃபிரிட்ஜின் மேல் வைத்தார் சூசைமரியான். பிலோமினா அவரைப் பார்த்தாள். அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

இனி ஒரே வழிதான். சம்பந்தி கேட்பதற்கு முன் நேரில் போய் நின்று, தானே சொல்லி, காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்பது. சாமியாரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால் பாவம் போகும் என்று ஐம்பத்தைந்து வருடமாகக் கேட்டு வளர்ந்தவர். யூஜினியாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறினார்.

பஸ்ஸில் முன்னால் இருந்தவர் போனில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் அதற்கு இவரிடம் ஏழு நிமிடக் கருத்து இருந்திருக்கும். இன்று உலகத்தில் யுத்தமே வந்தாலும் அவருக்கு மூன்றாவது ஓலைதான். அனிதா முப்பது வயதுவரை இது வேண்டாம் அது வேண்டாம் என்று தட்டிக் கழித்து, இந்தப் பையனைப் பார்த்துத்தான் 'சரிப்பா' என்றாள். அந்த 'சரிப்பா'வை நினைத்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார். குன்றக்குடி மலை ஜன்னலில் வந்தபோது, இது நம் இலாகா இல்லை, இருந்தாலும் நகல் ஒன்று போட்டுவைப்போம் என்று அங்கேயும் ஒரு கும்பிடு போட்டார்.

அருள்சகாயம் வீட்டில் இலை போட்டிருந்தது. நெல் வியாபாரி, கனத்த குரல். எழுந்து நின்று செபத்தில் இருந்தார். பருப்புக்கு நன்றி சொல்லி, நெய்க்குச் சொல்லி, விதைத்தவனுக்கும் அறுத்தவனுக்கும் அரைத்தவனுக்கும் சொல்லி, அப்பளத்துக்கு வந்திருந்தார். அவர் மனைவியும் கல்லூரியில் படிக்கும் மகள் ரெஜினாவும் கண்ணை மூடி நின்றார்கள். சூசைமரியான் வாசலிலேயே கைகட்டி நின்றார். ஆமென் வருவதற்குள் ரசம் ஆறிவிட்டது.

"என்ன சம்பந்தி, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீக? சட்டைப் பொத்தானக்கூடத் தள்ளிப் போட்டிருக்கீக."

"தங்கச்சி போன்ல இருந்து ஒரு ஆடியோ வந்துச்சா?"

"வந்து கெடக்கு. சாப்புட்டுக் கேப்போம்னு வச்சிருக்கேன்."

"கேக்காதீக. நானே சொல்லிர்றேன்." சூசைமரியான் நாற்காலியில் உட்காராமல் நின்றார். "அதுல நான் ஒங்க செபத்தைப் பத்திப் பேசியிருக்கேன்."

"நல்லதுதான. என்னன்னு?"

"நீங்க செபத்தை ஆரம்பிச்சா சோறு நெல்லாத் திரும்பி வயலுக்கே போயிரும்னு."

அருள்சகாயம் கையில் எடுத்த அப்பளத்தைத் திரும்ப இலையில் வைத்தார். வாயை மூடினால் தேவலை என்று சூசைமரியானுக்கும் தோன்றியது. ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைக்கக் கூடாது.

"சம்பந்தியம்மா வச்ச கோழிக்குழம்பு பத்தியும்."

சம்பந்தியம்மா நிமிர்ந்தாள். "கோழிக்கு என்னவாம்?"

"அது முழுசா மனந்திரும்பாத கோழின்னு சொல்லிட்டேன். இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம்ங்கிற அர்த்தத்துல."

"மூணு தடவை வாங்கித் தின்னீகளே?"

"அதையும் சொன்னேன். சம்பந்தியாப் போயிட்டா தின்னுதான ஆகணும்னு."

சம்பந்தியம்மா எழுந்து உள்ளே போனாள். பாத்திரங்கள் சத்தமாக இடம் மாறின.

"அம்புட்டுதானா?" என்றார் அருள்சகாயம்.

"மாப்பிள்ளைக்கு முன்வழுக்கை. கல்யாண போட்டோவுல பொண்ணுக்கு வெளிச்சம் மாப்பிள்ளை நெத்தியில இருந்தே வந்துரும், தனியா லைட்டு வேணாம்னு சொன்னேன்." கையெடுத்துக் கும்பிட்டார். "நான் வெறும் வாய்தான் சம்பந்தி. எம் பொண்ணு என்னை மாதிரி இல்லை. ஓலைய நிறுத்திறாதீக."

அருள்சகாயம் ஆறிப்போன ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். பிறகு சொன்னார். "ஓலை வாசிக்கட்டும். கல்யாணம் சின்னஞ்சிறுசுகளுக்கு. ஆனா அன்னைக்குப் பந்தியில செபம் நான்தான் சொல்லுவேன். ஒரு மணி நேரம் சொல்லுவேன். நீங்க எம் பக்கத்துல நின்னு வரிக்கு வரி ஆமென் சொல்லணும். கோழியும் எங்க வீட்டுக் கோழிதான். நாலு தடவை வாங்கித் திங்கணும்."

"திங்கிறேன் சம்பந்தி," என்றார் சூசைமரியான் நன்றியோடு.

அப்போது மூலையிலிருந்து ரெஜினா கூப்பிட்டாள். அப்பாவின் போனை அவள் காதோரம் வைத்திருந்தாள். "மாமா, அத்தை அனுப்புன ஆடியோ இதுதானா? பதினோரு நிமிசம் நாப்பது செகண்டு?"

"அதேதான்த்தா."

"இதுல ஒண்ணுமே கேக்கலையே. தண்ணித் தொட்டிக்குள்ள இருந்து யாரோ முனங்குற மாதிரி இருக்கு. நாலாவது நிமிசமும் தள்ளிப் பாத்துட்டேன், அதே முனங்கல்தான்."

"சத்தத்தைக் கூட்டி வையி."

"முழுசா வச்சிருக்கேன் மாமா. நீங்க எப்புடிப் போனைப் பிடிச்சுப் பேசுவீக? பிடிச்சுக் காட்டுங்க."

சூசைமரியான் போனை எடுத்து, மேடையில் மைக் பிடிப்பதுபோல வாய்க்கு நேராகப் பிடித்துக் காட்டினார். அடியில் பெருவிரல் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது.

"அந்த வெரலுக்கு அடியிலதான் மைக்கு ஓட்டை இருக்கு மாமா. அடைச்சுக்கிட்டுப் பேசியிருக்கீக."

அருள்சகாயம் மெதுவாகத் திரும்பினார். "அப்பன்னா நீங்க பஸ் ஏறி வந்து சொல்லலைன்னா ஒலகத்துல ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. சம்பந்தியம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

சூசைமரியானுக்கு முகம் வைக்க இடமில்லை. ஆனால் முப்பத்து நாலு வருட உத்தியோகம் பார்த்தவர், அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்க முடியுமா. "இன்னைக்கு அவசரத்துல வெரல் பட்டிருக்கும்," என்றார். "ரெண்டு வருசமா இந்தப் போன்லதான் தெனமும் எம் புள்ளைகளுக்குப் பேசுறேன். சந்தேகமா இருந்தா போன செவ்வாக்கெழமை அனிதாவுக்குப் பேசுனதைப் போட்டுக் கேளுத்தா. புகுந்த வீட்டுல எப்படி நடந்துக்கணும்னு சொன்னேன். பேசும்போதே எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு."

அவரே 'நம் குடும்பம்' குழுவைத் திறந்து போனை நீட்டினார். ரெஜினா வாங்கிக் காதில் வைத்தாள். கொஞ்சம் தள்ளி வைத்தாள், இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். அதற்கு முந்தின நாள் பேச்சைப் போட்டாள், அதற்கு முந்தினதையும் போட்டாள். பிறகு செவ்வாய்க்கிழமைக்கே திரும்பி வந்து, அதன் அடியில் இருந்ததைப் படித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுவும் வெறும் முனங்கல்தான் மாமா. ஆனா, 'முழுசாக் கேட்டேம்ப்பா, கேட்டு அழுதுட்டேன்'னு அனிதா மதினி பதில் போட்டிருக்காக."