சிவப்பு ஈறு வைத்த கொழுக்கட்டை

இளமையில் எல்லாருக்கும் ஏதாவது ஒரு பைத்தியம் பிடிக்கும். சிலருக்கு கிரிக்கெட், சிலருக்கு காதல். எனக்குப் பல்.

முத்துப்பல் சிரிப்பைச் சொல்லவில்லை. வாயை விட்டு வெளியே வந்துவிட்ட பல். அப்போது இணையத்தில் ஒரு கூட்டம் இருந்தது. பால்பல்லுக்கு ரோஸ் ரிப்பன் கட்டும், கடைவாய்ப்பல்லைக் கம்மலாக மாட்டும், கரடி பொம்மைக்கு மனுஷப் பல்வரிசை வைத்துத் தைக்கும். பார்த்தால் பயமாகவும் இருக்கும், கொஞ்சவும் தோன்றும். ஹப்சிகுடா ஹாஸ்டல் கட்டிலில் படுத்தபடி அத்தனைக்கும் ஹார்ட் போட்டுக்கொண்டிருந்தேன். (பிழைப்பு ஐ.டி.யில். அங்கே பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதோடு சரி.)

அந்த நேரத்தில்தான் அதே ஊரில் தார்நாகாவில் இருந்த அக்காவின் குழந்தைக்கு முதல் பல் முளைத்தது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அதற்குப் பல் கொழுக்கட்டை செய்வோம். அரிசிமாவுக் கொழுக்கட்டையில் தேங்காய்க் கீற்றைப் பல்போலச் செருகி, குழந்தையை உட்காரவைத்துத் தலையில் கொட்டுவது வழக்கம். அம்மாவுக்கு மூட்டுவலி, வரமுடியவில்லை. பிறந்த வீட்டுச் சார்பில் நான்தான்.

"ஒழுங்கா செஞ்சிருவியாட்டி? எங்க மாமியார் வீட்டு ஆளுக அத்தனை பேரும் வாராக. நம்ம வீட்டு மானம் ஒன் கையில இருக்கு," என்றாள் அக்கா. கல்யாணத்தில் எங்கள் பக்கத்துச் சாம்பார் தீர்ந்துபோனதை அவள் மாமியார் இன்னும் மறக்கவில்லையாம்.

யோசித்துப் பார்த்தேன். பல் வைத்த பலகாரம், அதைப் பச்சைக்குழந்தை தலையில் கொட்டுவது. இணையத்துக் கூட்டம் நேற்றுக் கண்டுபிடித்ததை எங்கள் ஊர் எப்போதோ செய்துவிட்டது. எனக்குக் கலை பொங்கிவிட்டது. பீட்ரூட் சாறு விட்டு மாவைப் பிசைந்து ஈறு செய்தேன். ஒன்றுக்கு மிளகு வைத்துச் சொத்தை. இன்னொன்றுக்கு மஞ்சள் தடவித் தங்கப்பல். எல்லாவற்றுக்கும் மேலே வைக்க, உள்ளங்கை அகலத்தில் முழு மேல்வரிசை ஒன்று, அண்ணத்தோடு.

கூடத்தில் தட்டின் மூடியைத் திறந்தேன். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. நல்லநேரம் போகிறதே என்று யாரோ தட்டைக் கவிழ்க்க, குழந்தை தலையில் பல்மழை. அது கைதட்டிச் சிரித்தது. பெரிய வரிசை மட்டும் சறுக்கிக்கொண்டு போய் அக்காவின் மாமனார் காலடியில் நின்றது.

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அதட்டி வேலை வாங்கி ஓய்வு பெற்றவர் மாமா. அந்த வாரம்தான் அவருக்குப் பல்செட் மாட்டியிருந்தார்கள். அதை வெளியே சொல்லக்கூடாது என்று வீட்டாரிடம் சத்தியமே வாங்கியிருந்தார். (எனக்கு யார் சொல்வார்கள்?) பல் விழ ஆரம்பித்ததிலிருந்தே வெட்கத்தில் யார் எதிரிலும் சாப்பிடுவதில்லை, சிரிப்பதில்லை. போட்டோ என்றால் துண்டால் வாயை மூடிக்கொள்வாராம்.

அக்காவின் மாமியார், எனக்கு அத்தை, ரயில்வே காலனியிலேயே வளர்ந்தவர். கோபம் வந்தால் தமிழில் உருது கலந்துவிடும். "கைக்கும்மா, ஏன் இப்படிப் பண்ணே? அவரைக் கிண்டல் பண்றியா?" என்றார், மெதுவாக. அக்கா அழத் தயாரானாள். நான் பீட்ரூட்டைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன்.

மாமா கொழுக்கட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் தன் பல்செட்டைக் கழற்றி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார்.

"நக்கோ, அவளை ஒண்ணும் சொல்லாதே," என்றார் பொக்கைவாயோடு. "டாக்டர் செஞ்சதைவிட இது நல்லாயிருக்கு."

சொல்லிவிட்டு ஈறாலேயே ஒரு கடி கடித்தார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வீடே சிரித்தது. நான் பழக்கதோஷத்தில் போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன்.

அந்தப் பைத்தியம் எனக்குத் தெளிந்து நாளாகிவிட்டது. மாமாவும் போய்விட்டார். சுவரில் மாட்டப் படம் தேடியபோது, துண்டு இல்லாமல் அவர் வாய்விட்டுச் சிரிக்கும் படம் அது ஒன்றுதான் கிடைத்தது. ஒரு கையில் பல்செட், மறு கையில் ஒரு கடி குறைந்த என் கொழுக்கட்டை, மேலே மாலை. வருகிறவர்கள் கேட்காமல் இருப்பதில்லை. அத்தையும் சாம்பாரில் ஆரம்பித்து முழுக்கதையும் சொல்லிவிடுகிறார். கேட்கும்போதெல்லாம் மாமாவை மனசு ரொம்பத் தேடுகிறது.

அவர் நினைவு நாள் நெருங்கினால் வருஷம் தவறாமல் அத்தையிடமிருந்து போன் வரும்.

"படையலுக்குச் செய்யறப்போ ஈறு நல்லா செவப்பா இருக்கணும்மா. போன வருஷம் வெளுத்துப்போச்சு, அவருக்குப் பிடிச்சிருக்காது."